மிகக் குறுகிய அலை

இடப்பக்கம் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

சுகிர்தா உட்காரவில்லை. மெத்தை வைத்த நாற்காலியை அவளுக்காக நகர்த்திப் போட்டு, "இடப்பக்கம் சாயாதீங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் மின்கல ஆலையின் மேலாளர் நாகலிங்கம். அவளுடைய விலா எலும்புகளின் கதை அவளுக்கும், அடித்த கணவனுக்கும், வக்கீலுக்கும் மட்டுமே தெரியும். ஐந்து நிமிடத்துக்கு முன் அவள் கடந்து வந்தது எக்ஸ்ரே பாய்ச்சிச் சோதிக்கும் ஊடுகதிர் வாயிலை மட்டும்தான்.

ஆலை, பள்ளி, பேருந்து நிலையம் எல்லாவற்றுக்கும் இப்போது ஊடுகதிர் வாயில்தான். பையில் கத்தி இருக்கிறதா என்று பார்க்கும், உடம்புக்குள் பார்க்காது. அதன் மின்னழுத்தம் முப்பத்தொரு கிலோவோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டதே அதற்காகத்தான். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அவளைப் போன்ற ஆய்வாளர்கள் வந்து, வாயிலின் பலகையில் ஒளிரும் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அந்தப் பலகையும் ஆலைக்காரர்களுடையதுதான் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

இன்று அவள் வாயிலுக்குத் திரும்பிப் போய், கதிரின் அலைநீளத்தை அளக்கும் அலைப்பிரிமானியை எடுத்தாள். காவலாளி சிரித்தார். "அதையெல்லாம் இப்ப யாரு மேடம் தூக்கிட்டு வர்றாங்க?"

பலகை பொய் சொல்லலாம், அலை சொல்லாது. ஓர் எலக்ட்ரான் தன் ஆற்றல் முழுவதையும் ஒரே மோதலில் இழந்தால் பிறப்பதுதான் மிகக் குறுகிய அலை. அதைவிடக் குறுகியது வரவே வராது. பன்னிரண்டு புள்ளி நான்கைக் கிலோவோல்ட்டால் வகுத்தால் அதன் நீளம் ஆங்ஸ்ட்ராமில் கிடைத்துவிடும். முப்பத்தொன்றுக்கு 0.4. ஆனால் அவள் கருவியில் கோடு 0.4ஐத் தாண்டி இறங்கிக்கொண்டே போய், 0.2இல்தான் அறுந்தது. அலை பாதியென்றால் மின்னழுத்தம் இரட்டிப்பு. அறுபத்திரண்டு.

எலும்பு தெரியும்.

அறைக்குத் திரும்பி அவள் கேட்டபோது நாகலிங்கம் மறுக்கவில்லை. உழைக்க முடியாத உடம்பு எது என்று ஆலை முன்கூட்டியே தெரிந்துகொள்வதில் என்ன தப்பு என்றார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து அவள் முன் வைத்தார். இடப்பக்கம் மூன்று விலா எலும்புகள், புதிதாக முறிந்தவை. கீழே தேதி: சென்ற முறை அவள் இங்கே ஆய்வுக்கு வந்த நாள். கருவியைத் தூக்க முடியாத வலியில் அன்று அவளும் பலகை எண்ணையே எழுதிவிட்டுப் போயிருந்தாள்.

"திங்கக்கிழமை குடும்பக் கோர்ட்டுன்னு நீங்கதானே ஆய்வுத் தேதிய மாத்தச் சொன்னீங்க" என்றார் தணிந்த குரலில். "இந்தப் படம் எடுத்த அன்னிக்கு நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டீங்க. வேற என்ன சாட்சி இருக்கு உங்ககிட்ட? முப்பத்தொண்ணுன்னு எழுதுங்க, இத எடுத்துக்குங்க. வேற எழுதினா சட்டப்படி எல்லாப் படத்தையும் அழிச்சிடணும். இதையும்தான்."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் என்று சொல்லி அவள் சமாளித்த அந்த நாளில், இந்த வாயில் உண்மையைப் பார்த்திருக்கிறது. இவரும் பார்த்திருக்கிறார். வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

பேனாவைத் திறந்து 62 என்று எழுதினாள். முந்தைய சான்று அளக்காமல் கொடுத்தது, செல்லாது என்று கீழே சேர்த்துத் தன் பெயரையும் எழுதினாள். படத்தைக் கவிழ்த்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இது வேண்டாம் சார்."