காப்பியை விட்ட பிறகு

அன்று காலை தணிகாசலத்தின் தலைவலி நின்றுபோனது. அந்த நிம்மதியில் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தவர், தெருவில் தறிச் சத்தமும் நின்றுபோயிருப்பதை அப்புறம்தான் கவனித்தார். விடிந்துவிட்டால் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓயாது. எழுந்து ஜன்னல் வழியே பார்த்தார். எதிர் வீட்டில் வரதராஜன் தறியில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டுதான் இருந்தான். நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. சத்தம் மட்டும் வரவில்லை.

“இன்னாங்க, கூப்ட்டுக்கினே இருக்கேன், காதுல விழலியா?”

மனைவி லோகாம்பாள் தோளைப் பிடித்து உலுக்கினாள். சத்தமெல்லாம் திரும்பி வந்தது, ஆனால் நாலு தெரு தள்ளி எங்கோ நடப்பதைப் போல.

மார் படபடப்புக்குப் போனபோது டாக்டர் காப்பியை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். பட்டு நூலுக்குச் சாயம் காய்ச்சும் அடுப்பின் முன்னால் நின்று நின்று, தண்ணீருக்குப் பதில் காப்பியாகக் குடித்துப் பழகிய உடம்பு. முதலில் நெற்றிப்பொட்டில் இடி இறங்கியது. பிறகு வாந்தி, கை நடுக்கம், காரணமில்லாத கோபம். வீட்டிலிருந்தால் தேடுவார் என்று லோகாம்பாள் பில்டரையே தங்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். இந்த அவஸ்தையெல்லாம் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போனது. அதோடு மற்றவையும் போகத் தொடங்கின.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலை, “கஞ்சி ஆறிப்போச்சாம்மா?” என்று லோகாம்பாளைக் கேட்டார்.

“இப்பத்தான் எறக்கினேன். ஆவி பறக்குது, பாருங்க.”

பாதி குடித்திருந்தார். நாக்கில் ஏதோ ஒட்டியது போலிருக்க, விரலால் வழித்தெடுத்தார். வெள்ளையாகத் தோல். நாக்கு வெந்து உரிந்திருந்தது. பயம் வந்தது. அதுவும் அடுத்த வீட்டுக்காரனுடைய பயம் போலச் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றது.

“இன்னிக்கு அடுப்பாண்ட போவாதீங்க” என்றாள்.

“கல்யாணப் பட்டும்மா. சாயந்தரம் நூலுக்கு வந்துடுவாங்க.”

மழை கட்டிய பிற்பகல். பின்கட்டுக் கொட்டகையில் விறகுப் புகை கூரைக்கும் போக வழியில்லாமல், வெளியேயும் போகாமல் அண்டாவின் மேல் தொங்கியது. கொதிக்கும் அரக்குச் சாயம் அடியிலிருந்து குமிழ்விட்டுப் புரள, கழியில் மாட்டிய பட்டு நூலை அவர் திருப்பித் திருப்பி அமுக்கினார். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் பட்டு வேகும் வாடையைத் தேடி குனிந்து முகத்தை ஆவிக்குள் நீட்டினார். வாடை இல்லை. ஆவி முகத்தில் ஈரமாகப் படிந்தது. ஈரம் என்பதைக்கூடக் கையால் துடைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

ஒரு நூல்கட்டு கழியிலிருந்து நழுவி உள்ளே அமிழ்ந்தது.

குனிந்தார். கையை விட்டார்.

முழங்கை வரை உள்ளே போனபின்தான் என்ன செய்தோம் என்று புரிந்தது. காத்திருந்தார். வலி வரவில்லை. சூடும் இல்லை. கையை எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான்.

அடியில் ஏதோ பட்டது.

நூல் என்று பிடித்தார். நூல் இல்லை.

விரல்கள்.

ஜில்லென்ற விரல்கள். அவர் உள்ளங்கையைத் தடவின. ஒவ்வொன்றாக அவர் விரல்களுக்கிடையே நுழைந்தன. கோத்துக்கொண்டன. இறுக்கின.

எத்தனை நாளைக்குப் பிறகு உடம்பில் ஒன்று உறைக்கிறது! அவர் கண்ணில் நீர் வந்தது.

லோகாம்பாள் ஓடி வந்தாள். அவள் வாய் அகலத் திறந்திருந்தது. சத்தம் இல்லை. அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தாள்.

“இரும்மா” என்றார். “கொஞ்சம் இரு.”

மற்றக் கையையும் மெதுவாக உள்ளே இறக்கினார்.