தேரியில் தொலைந்த புது மாப்பிள்ளை

மூன்றாம் தடவை எண்ணியபோதும் ஐந்து பேர்தான் இருந்தார்கள். காலையில் கிளம்பியது ஆறு பேர். குறைந்தது யார் என்று பார்த்தால், குறையவே கூடாத ஆள்! நாற்பத்திரண்டு நாளுக்கு முன்னால் ஊரைக் கூட்டிப் பந்தல் போட்டுக் கையைப் பிடித்துக் கொடுத்த புது மாப்பிள்ளை பூபதி!

“போன் போடும்மா, போன் போடு!” என்று பதறினார் மாமனார் பெருமாள்சாமி.

செண்பகவல்லி புருஷனுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. எங்கே? பக்கத்தில் நின்ற அம்மா ஜானகியின் கைப்பைக்குள்! வண்டி குலுங்கினால் விழுந்துவிடும் என்று காலையில் எல்லார் போனையும் அந்தப் பையில்தானே போட்டிருந்தார்கள்! இறங்கியதும் அவரவர் எடுத்துக்கொள்ள, அவருடையது மட்டும் உள்ளேயே கிடந்தது.



கோவில்பட்டியிலிருந்து செம்மணல்துறைக்கு மூன்று நாள் கடற்கரை விடுமுறை. தேனிலவுக்கு மாமனார், மாமியார், அக்கா கோமதி, அக்கா புருஷன் என்று எல்லாரும் கூடவே போவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்கக் கூடாது. பெருமாள்சாமி வீட்டு வழக்கம். போன இடத்தில் சும்மா இருந்தார்களா? பக்கி சவாரி போக வேண்டும் என்று ஆசை. இரும்புக் குழாயில் கூடு கட்டி, பெருத்த டயர் நாலு மாட்டி, கதவையும் கண்ணாடியையும் வைக்க மறந்துபோன மாதிரி ஒரு வண்டி. அதற்குப் பெயர்தான் பக்கி. கடலோரத்துச் செம்மணல் மேடுகளை அந்தப் பக்கத்தில் தேரி என்பார்கள். அந்தத் தேரியில் ஏற்றி இறக்கி, குடலைக் குலுக்கித் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்.

இரண்டு வண்டிகள். முன் வண்டியில் டிரைவர் பக்கத்து இருக்கைதான் ராஜ இருக்கை. அதில் மூத்த மாப்பிள்ளை சுரேந்திரன் யாரையும் கேட்காமலே ஏறி பெல்ட்டும் போட்டுவிட்டார். ஆறு வருஷமாக அந்த வீட்டில் எந்த வண்டியிலும் முன் இருக்கை அவருடையது. புது மாப்பிள்ளைக்குக் கிடைத்தது பின் வண்டியின் பின் இருக்கை. மடியில் முறுக்கு டின், காலடியில் தண்ணீர் கேன். பூபதி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராசிபுரத்துப் பிள்ளை. ஆறிப்போன காபியைக் கொடுத்தாலும் “நல்லாருக்குதுங்க” என்று குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைக்கிற ரகம்.

பாதி வழியில் பனங்காட்டு நிழலில் வண்டியை நிறுத்தி இளநீர் குடித்தார்கள். அங்கே ஜானகிக்குத் தலை சுற்ற, செண்பகா அம்மாவைத் தாங்கிக்கொண்டு முன் வண்டிக்கு மாறினாள். முன் வண்டியிலிருந்த பெருமாள்சாமி பின் வண்டிக்குப் போனார். மணல் முகத்தில் அடிக்காமல் இருக்கப் பின் வண்டி ரொம்பத் தள்ளியே வரும். முன் வண்டிக்காரர்கள் மாப்பிள்ளை பின்னால் வருகிறார் என்று இருந்தார்கள். பின் வண்டிக்காரர்கள் மாப்பிள்ளை முன்னால் போகிறார் என்று இருந்தார்கள். டிக்கெட் கொட்டகைக்கு வந்து இறங்கிய பிறகுதான் இந்தக் கண்டுபிடிப்பு!

“சந்தேகமே வேண்டாம் மாமா. மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டாரு” என்றார் சுரேந்திரன். “பின் சீட்டுல உட்கார வச்சோம்ல? நேரா மெயின் ரோட்டுக்குத்தான் போவாரு. பஸ் ஸ்டாப்புல போய்ப் பாருங்க.”

இந்த விஷயத்தில் சுரேந்திரன் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். கோபித்துக்கொள்வதில் அவருக்குக் கைவராத வித்தை கிடையாது. தலைதீபாவளிக்கு எடுத்த வேட்டியில் கரை சரியில்லை என்று பஸ் ஸ்டாண்டு வரை போய் மூன்று மணிநேரம் உட்கார்ந்திருந்தவர். தெருவுக்கே தெரிந்த கதை.

பெருமாள்சாமி பின் வண்டியின் டிரைவரைக் கூட்டிக்கொண்டு, ஊரிலிருந்து வந்த காரில் பறந்தார். இருபது நிமிஷத்தில் போன் வந்தது. பஸ் ஸ்டாப்பில் ஆள் இல்லை. காலையிலிருந்து இந்தப் பக்கம் ஒருத்தரும் வரவில்லை என்று டீக்கடைக்காரர் அடித்துச் சொல்கிறாராம்.

செண்பகாவால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கொட்டகைக்கும் வேலிக்குமாக நடந்தாள். வெயில் ஏறிக்கொண்டே போனது. தண்ணீர் கேன் வண்டியிலேயே கிடந்தது. அவர் கையில் என்ன இருக்கும்? ஒன்றும் இல்லை! சட்டென்று திரும்பினாள்.

“அத்தான், அன்னிக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனீங்களே, பஸ் ஸ்டாண்டுல எந்த இடத்துல உட்கார்ந்தீங்க?”

“இப்ப எதுக்கு அந்தப் பழைய கதை?”

“சொல்லுங்க!”

“வாசல்லதான். உங்க அப்பா வந்தா மொதல்ல கண்ணுல படணும்ல?”

“அதான்! கோவிச்சவங்க கண்ணுல படுற இடமாப் பார்த்துத்தான் உட்காருவாங்க. இவர் யார் கண்ணுலயுமே படலையே! இவர் கோவிச்சுக்கல அத்தான். உள்ளேயே மாட்டிக்கிட்டாரு!”



முன் வண்டியின் டிரைவர் பெலிக்ஸ் அந்தக் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் வானத்தைப் பார்த்தான், மணலைப் பார்த்தான். “அக்கா, மணி பத்தரை ஆச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல மணல்ல கால் வைக்க முடியாது. காத்து வேற தடத்தையெல்லாம் அழிச்சிக்கிட்டே வருது.”

“அப்புறம் ஏன் நின்னு பேசுறீங்க? வண்டியை எடுங்க!”

சொல்லிவிட்டுப் பின் வண்டியிலிருந்த தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ராஜ இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். சுரேந்திரன் ஒரு நொடி தயங்கி நின்றார். பிறகு பின்னால் ஏறினார். அவரை யாரும் கூப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தானாகத்தான் ஏறினார்.

வண்டி சீறியது! முதல் மேட்டில் ஏறி, உச்சியில் ஒரு கணம் அந்தரத்தில் தொங்கி, மறுபக்கம் சரிந்தது. செம்மண் புழுதி பல்லில் நறநறத்தது. “இன்னும் வேகமா!” என்றாள் செண்பகா. “அக்கா, இதுக்கு மேல போனா நம்மளத் தேட ஒரு வண்டி வரணும்!” என்றான் பெலிக்ஸ்.

பனங்காட்டில் காலையில் வீசிய இளநீர்க் கூடுகள் அப்படியே கிடந்தன. மூவரும் குனிந்து குனிந்து தேடினார்கள். பெலிக்ஸ்தான் கண்டுபிடித்தான். ஷூ தடம்! நிதானமாக நடந்து, மணல்மேட்டைச் சுற்றி, ஒரு முந்திரிப் புதருக்குப் பின்னால் போயிருந்தது.

பெலிக்ஸ் புதருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “கோவமாவது ஒண்ணாவது! மாப்பிள்ளை ஒதுங்கப் போயிருக்காருக்கா!”

“எங்களுக்கெல்லாம் தெரியாம இவ்வளவு தூரமா?”

“கூச்சப்பட்ட ஆளு போல.”

ஆனால் திரும்பி வந்த தடத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. ஒவ்வொரு அடியும் தள்ளித் தள்ளி விழுந்திருந்தது. முன்பாதம் ஆழமாகப் பதிந்திருந்தது. ஓடியிருக்கிறார்! வண்டியின் பின்னாலேயே ஓடியிருக்கிறார்! ஓரிடத்தில் விழுந்து கையூன்றிய அடையாளம், ஐந்து விரலும் அப்படியே. செண்பகா அதன் பக்கத்தில் மண்டியிட்டாள்.

சுரேந்திரன் தலையைச் சொறிந்தார். “செண்பகா... உங்க அப்பா இங்க வச்சு என்கிட்ட ஒண்ணு சொன்னாரு. முன் சீட்டைச் சின்னவருக்குக் கொஞ்ச நேரம் கொடுங்கன்னாரு. அதான், அவர் முன்னாடி இருக்காருன்னு உங்க அப்பா நிம்மதியா வந்துட்டாரு.”

“நீங்க?”

“பார்த்தேன். ரெண்டு பக்கமும் பார்த்தேன். ஆளைக் காணோம். சரி, நல்லதாப் போச்சுன்னு...”

“ஏறிட்டீங்க.”

“ஏறிட்டேன்.”

“உங்களைத் திட்ட இப்ப நேரமில்ல அத்தான். அக்கா முன்னால வச்சுத் திட்டுறேன். ஏறுங்க!”

ஷூ தடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு வண்டி ஊர்ந்தது. அரை மைல் போனதும் பெலிக்ஸ் பிரேக்கை மிதித்தான். சக்கரத் தடம் இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கத் தடம் பக்கி வண்டிகளுடையது. காற்று அதில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டிருந்தது. இடப்பக்கம் போனது மீன் ஏற்றும் டிராக்டரின் தடம், வாய்க்கால் வெட்டிய மாதிரி ஆழமாக.

“வெளியூர்க்காரரு எதைப் புடிச்சிப் போவாரு?” என்று கேட்டான் பெலிக்ஸ்.

கேட்க வேண்டுமா? ஷூ தடம் இடப்பக்கம்தான் திரும்பியிருந்தது.

“டிராக்டர் எங்க போகும்?”

“பொழிக்கு. ஓடைத் தண்ணி கடல்ல போய் விழுற இடம். காலையில வத்திக் கிடக்கும்போது டிராக்டர் குறுக்க இறங்கி அக்கரைக்குப் போயிரும்.” அவன் குரல் இறங்கியது. “இப்ப கடல் ஏறுற நேரம்க்கா.”

“அவருக்கு நீச்சல் தெரியாது!”

வண்டி பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் ஒரு பள்ளத்தில் போய் மூக்கைப் புதைத்தது! சக்கரம் சுற்றச் சுற்ற வண்டி கீழேதான் போனது. “இறங்குங்க! காத்தை இறக்குங்க!” என்று கத்தினான் பெலிக்ஸ். டயரில் காற்று குறைந்தால் மணலில் அகலமாகப் பரவிப் பிடித்துக்கொள்ளும். செண்பகா ஒரு பக்கம், பெலிக்ஸ் ஒரு பக்கம் உஸ்ஸென்று காற்றை இறக்கினார்கள். சுரேந்திரன் சுடுமணலை இரண்டு கையாலும் வாரி வாரி வீசினார். கல்யாண வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தாத கை அது! “தள்ளுங்க அண்ணாச்சி!” தள்ளினார். வண்டி திமிறி மேலேறியது. சுரேந்திரன் குப்புற விழுந்து, வாய் நிறைய மணலோடு எழுந்து, ஓடி வந்து தொற்றிக்கொண்டார்.

கடைசி மேட்டின் உச்சியில் கடல் தெரிந்தது. கீழே பொழி. அகலமாய், அமைதியாய், மெல்ல நிறைந்துகொண்டிருந்தது. நடுவில் பாய் அளவுக்கு ஒரு மணல்திட்டு. அதன் ஓரத்தில் சட்டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் ஆடாமல் அசையாமல் ஒரு ஆள்.

“என்னங்க!”

பூபதி கையை உயர்த்தினான். “வாங்க, வாங்க! இந்த வெயில்ல நீங்க ஏனுங்க வந்தீங்க?”

“அங்கயே நில்லுங்க! நடக்காதீங்க!”

“நடக்க முடியலீங்க. காலு உள்ள மாட்டிக்கிச்சு.”

திட்டிலிருந்து திரும்பி வரப் பார்த்திருக்கிறான். சேறு முட்டிவரை பிடித்துக்கொண்டது. பெலிக்ஸ் கயிற்றை எடுத்தான். “வண்டியை விட்டு நான் இறங்க முடியாது. இழுக்க ஆள் வேணும். யாரு போறீங்க?”

சுரேந்திரன் தண்ணீரைப் பார்த்து எச்சில் விழுங்கினார். செண்பகா ஏற்கெனவே செருப்பைக் கழற்றியிருந்தாள். கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவள். கயிற்றின் ஒரு முனையை வண்டியின் முன் கொக்கியில் மாட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு பாய்ந்தாள்.

“கால் ஊனாதீங்கக்கா! மெதந்தே போங்க!”

போனாள். மூன்று முழம் இருக்கும்போது கயிறு இழுத்து நிறுத்தியது. போதவில்லை! தண்ணீர் பூபதியின் மார்புக்கு வந்துவிட்டது.

“பெலிக்ஸ்! வண்டியை முன்னால விடுங்க!”

“இதுக்கு மேல இறக்குனா இஞ்சின்ல தண்ணி ஏறிரும்!”

அப்போதுதான் அது நடந்தது. சுரேந்திரன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கழுத்தளவு வந்ததும் நின்று, “துப்பட்டாவை அவுத்துக் கயித்துல கட்டு செண்பகா! நான் இந்தப் பக்கம் தூக்கிப் புடிக்கிறேன்!” என்று அலறினார்.

நல்ல யோசனை! துப்பட்டாவை முறுக்கி முடிச்சுப் போட்டு, நீந்திப் போய்ப் புருஷனின் கக்கத்தைச் சுற்றிக் கட்டினாள்.

“படுங்க!”

“எங்கீங்க?”

“தண்ணியிலதான்! நின்னா சேறு இழுக்கும். மல்லாக்கப் படுங்க!”

“உங்களுக்குச் சிரமம்...”

“படுங்கன்னா படுங்க!”

நாற்பத்திரண்டு நாளில் அவள் போட்ட முதல் அதட்டல். பூபதி படுத்தான். பெலிக்ஸ் பின்பக்கமாக வண்டியை எடுத்தான். கயிறு விறைத்தது. சேறு விடவில்லை. இஞ்சின் உறுமியது, சுரேந்திரன் உறுமினார், செண்பகா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். பொளக்கென்று ஒரு சத்தம்! இரண்டு ஷூவையும் சேற்றுக்கே சீதனமாகக் கொடுத்துவிட்டுப் பூபதி வெளியே வந்தான்.

கரையில் நால்வரும் மீன் மாதிரி கிடந்து மூச்சு வாங்கினார்கள். மணல்திட்டு இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்தான் இருந்தது. செண்பகா அதை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். கேனைத் திறந்து அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு கோபம் வந்தது.

“ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன?”

“மாமா இருந்தாருங்க, அத்தை இருந்தாங்க, உங்க அக்கா இருந்தாங்க... எப்படீங்க சொல்றது?”

“வண்டி கெளம்புறப்பவாவது கத்தியிருக்கலாம்ல?”

“கத்துனேனுங்க” என்றான் பூபதி. “மெதுவா.”

பெலிக்ஸ் மணலில் புரண்டு புரண்டு சிரித்தான். செண்பகாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

வண்டி கொட்டகைக்குத் திரும்பியபோது கல்யாண ஊர்வலம் தோற்றது. டிக்கெட் கொடுப்பவர், சோடா விற்பவர், அடுத்த சவாரிக்குக் காத்திருந்த இரண்டு குடும்பம் என்று எல்லாரும் கைதட்டினார்கள். சுரேந்திரன் இறங்கும் முன்பே கதையை ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்ன கணக்கில் பொழி இப்போது இரண்டு பனைமர ஆழம். செண்பகா மறுக்கவில்லை. அக்கா முன்னால் திட்டுவதையும் நாளைக்குத் தள்ளிவைத்தாள். கழுத்தளவு தண்ணீரில் நின்றாரே, அதற்கு ஒரு நாள் தவணை.

பெருமாள்சாமி கையைக் கூப்பினார். “மாப்ளே, பின் சீட்டுல உட்கார வச்சதை மனசுல வச்சுக்காதீங்க!”

“எந்தச் சீட்டுங்க மாமா?” என்று விழித்தான் பூபதி.

ஜானகி தூக்குச்சட்டியைத் திறந்து புளியோதரையை அள்ளி வைத்தாள். மாப்பிள்ளை முதல் வாய் சாப்பிடுவதை எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். வாய்க்குள்ளேயே பேச்சை வைத்துக்கொண்டால் ஆளே தொலைந்துபோக வேண்டியிருக்கும் என்று அன்றைக்கு அங்கே யாருக்கும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே!

“எப்படி இருக்கு மாப்ளே?” என்றாள் ஜானகி.

“நல்லா...” என்று தொடங்கிய பூபதி செண்பகாவைப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“உப்பு கொஞ்சம் ஜாஸ்திங்க அத்தை!”

சத்தமாகவே சொன்னான். சோடாக் கடைவரை கேட்டது. ஜானகியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. கோமதி புருஷனைப் பார்த்தாள், புருஷன் கடலைப் பார்த்தார். பெருமாள்சாமி மட்டும் மருமகனின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “முப்பத்தஞ்சு வருஷமா இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரல மாப்ளே!”

செண்பகா புருஷன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஜாஸ்திதாம்மா” என்றாள்.