வெள்ளை நூல்

காலை 9.40. தலையணையின் வாயை ஒரு சாண் பிரித்து, பஞ்சுக்குள் கைவிட்டுத் துழாவினாள் தையற்காரி. கடிதம் இல்லை. மறுபடி துழாவினாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் கோர்ட் அமீனா காத்திருந்தார். அனுமதியில்லாத உள்வாடகைதாரர், பின்னறையைக் காலி செய்ய வேண்டும் என்று அவர் கையில் உத்தரவு. ஆனால் வீட்டு உரிமையாளர் எழுத்தில் சம்மதித்திருந்தால், தையற்காரியைக் கோர்ட் தனியாக விசாரிக்காமல் வெளியேற்ற முடியாது. அந்தச் சம்மதக் கடிதம்தான் காணவில்லை.

உரிமையாளரின் ஏஜென்ட் சிரித்தான். தலையணைத் தையல் பிரியாமல்தானே இருந்தது, இல்லாத கடிதம் எப்படித் தொலையும் என்று கேட்டான்.

இருபத்திரண்டு வருஷமாக ஆட்களை வெளியேற்றுவதே அமீனாவின் பிழைப்பு. நடிப்பு அழுகை அவருக்கு அத்துப்படி. இவள் அழவே இல்லை.

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"ஏழு வருஷம் முன்னாடி, உள்ளே வச்சுத் தைச்சப்போ. அப்புறம் பிரிக்கவே இல்ல சார்."

நேற்று மூன்று மணிக்கு, அவள் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தபோது, ஏஜென்ட் வந்து போயிருக்கிறான். முன்னறையைத் தாண்டவில்லை என்றாள் அக்கா. கூடப் பிறந்தவள் அல்ல. வீட்டை உரிமையாளரிடம் நேரடியாக வாடகைக்கு எடுத்திருப்பவள். புருஷனை இழந்து வந்த தையற்காரிக்குப் பின்னறையைக் கொடுத்தவள். போன வருஷம் அக்கா காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊட்டியது தையற்காரி. அதையெல்லாம் சொல்லி அக்கா புலம்பினாள்: இவள் கற்றுக்கொடுத்துத்தான் மெஷினையே தொட்டேன், என் துணியை நானே தைக்கிறேன், இவளைப் போய் விரட்டுகிறீர்களே.

10.25. அமீனா தலையணையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"மூணு பக்கமும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி நூல் பழுப்பா இருக்கு. வாய்ப்பக்கம் பிரிச்சது போக மிச்சமிருக்கற மெஷின் தையல் மட்டும் வெள்ளை. ஏழு வருஷம் தலை வச்சுப் படுத்த நூல் இப்படி இருக்காது. யாரோ பிரிச்சு, எடுத்துட்டு, மெஷின்ல திரும்பத் தைச்சிருக்காங்க." அக்கா பக்கம் திரும்பினார். "இந்த வீட்ல மெஷின் ஓட்டத் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். எடுத்தது நீங்கதாம்மா."

அக்கா மறுக்கவில்லை. "அவளை அனுப்பினா என்னை இருக்க விடறேன்னாங்க. இந்த வயசுல நான் எங்க போவேன்?"

கடிதம் நேற்றே ஏஜென்ட் கைக்குப் போய்விட்டது. அவன் இப்போது படியிறங்கிக்கொண்டிருந்தான்.

அமீனா உட்கார்ந்து அக்காவின் வாக்குமூலத்தை எழுதினார்: உரிமையாளர் சம்மதித்தார், கடிதத்தை நான் கண்ணால் பார்த்தேன், தலையணைக்குள் இருப்பது எனக்குத் தெரியும், நானே எடுத்துக் கொடுத்தேன். அக்கா கையெழுத்துப் போட்டாள்.

"இதோட உத்தரவைத் திருப்பி அனுப்பறேன்" என்றார் தையற்காரியிடம். "கோர்ட் உங்களைக் கூப்பிட்டு விசாரிக்கற வரைக்கும் யாரும் தொட முடியாது. இது உங்க அறை."

அவள் தலையாட்டினாள். பிறகு கொடியிலிருந்த புடவைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"இருக்க உரிமை இருக்கும்மா."

"இருக்கு சார். ஆனா இனிமே கதவைத் தாழ் போட்டுட்டுப் படுக்கணும். இத்தனை வருஷத்துல ஒரு நாளும் போட்டதில்ல."

12.15. தையல் மெஷினின் ஒரு பக்கத்தை அவளும் மறுபக்கத்தை அமீனாவும் பிடித்துக்கொண்டார்கள். உத்தரவில்லாமல் ஒருவருடைய சாமானை அவர் இறக்கியது அன்றுதான் முதல்முறை. சாப்பிட்டுவிட்டாவது போ என்று அக்கா வாசலில் நின்று சொன்னாள். பாரம் தூக்கியிருந்தவள் படியைப் பார்த்தே இறங்கினாள்.