பதினெட்டுக் கேள்விகளும் ஒரு குடையும்

"இப்படி ஒரு டீச்சரை எங்கயாவது பாத்திருக்கீங்களா? பிள்ளை கவனிக்குமா, ஒரு இடத்துல உக்காருமான்னு பதினெட்டுக் கேள்விங்க... பதினெட்டுக்கும் 'எப்போதும்'னு டிக்! டாக்டருக்குன்னு பள்ளிக்கூடத்துல குடுத்த கவரைப் பிரிச்சுப் பாத்தேன், பத்திக்கிட்டு வந்துச்சு."

மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த டீச்சர் அவளேதான்! டாக்டர் நேரில் வரச் சொல்லியிருந்தார். பக்கத்து நாற்காலிக்காரனோ ஒன்றும் தெரியாமல் பொரிந்து தள்ளினான். சட்டையெல்லாம் மரத்தூள்... கண்ணில் மட்டும் அப்படியொரு குறும்பு. திட்டும்போதுகூட அழகாயிருக்கிறானே பாவி!

"வீட்டுக்குன்னு குடுத்த தாளை நீங்க எப்படி எழுதினீங்க?"

"எல்லாத்துக்கும் 'ஒருபோதும் இல்லை'. எங்க அக்கா பொண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது!"

அதற்குள் உள்ளேயிருந்து ஏழு வயதுச் சிட்டு பாய்ந்து வந்தாள். "ஹை... எங்க மிஸ்!"

மாமன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

டாக்டரம்மா இரண்டு தாள்களையும் மேசையில் அருகருகே வைத்தார். "ரெண்டு பேரும் ஒரே குழந்தையைப் பத்தித்தான் எழுதினீங்களா? ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிக்காத துறுதுறுப்பு, இருக்கா இல்லையான்னு வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் சேத்துப் பாத்துத்தான் சொல்ல முடியும். இதை வெச்சுக்கிட்டு நான் அவளுக்கு எப்படி உதவறது? இடம் மாத்தி உக்காந்து பாருங்க. ரெண்டு வாரம் கழிச்சுப் புதுசா எழுதுங்க."

அக்காவுக்கு ஷிப்ட் வேலை. சிட்டு பெரும்பாலும் மாமனின் தச்சுப் பட்டறையில்தான் வளர்ந்தாள். அங்கே மாலையில் டீச்சர் வந்து உட்கார்ந்தாள். காலையில் மாமன் வகுப்பின் கடைசி பெஞ்சில், முட்டி இடிக்க இடிக்க உட்கார்ந்தான். முதல் நாள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவ்வளவு வீம்பு!

ஆனால்... பட்டறையில் அவள் பார்த்தது வேறு சிட்டு. பத்து நிமிஷம் வீட்டுப்பாடம். கடிகார மணி அடித்ததும் மரச் சட்டங்களை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தூக்கிப் போகும் வேலை. மறுபடி பத்து நிமிஷம். அடுத்து என்ன என்று சுவரில் படம் வரைந்து ஒட்டியிருந்தது. எட்டரைக்குப் படுக்கை. எதைச் சொன்னாலும் அவன் மண்டியிட்டு, சிட்டுவின் கண்ணைப் பார்த்து, ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"இதெல்லாம் யாருங்க சொல்லிக் குடுத்தாங்க?"

"யாருமில்ல. நானும் இவளை மாதிரிதான் இருந்தேன். எனக்கு என்ன செஞ்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்னு யோசிச்சேன், அவ்வளவுதான்."

படித்துப் பட்டம் வாங்கிய அவளுக்குத் தோன்றாதது இது. அவனை அண்ணாந்து பார்த்தாள்... பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவன் உளியைக் கீழே வைத்தான். "காலையில வகுப்புல சிட்டு கணக்கு முடிக்க முடியாம, ரப்பரைக் கடிச்சுக்கிட்டுச் சத்தமில்லாம அழுதா. இத்தனை நாள் இது எனக்குத் தெரியவே தெரியாதுங்க."

அவளுக்கும் அதற்குமேல் தாங்கவில்லை. "நான் மட்டும் என்னவாம்? அன்னிக்கு நாப்பது பிள்ளைங்களோட மல்லுக்கட்டிட்டு வந்த அலுப்புல, கேள்வியைப் படிக்காமலே ஒரே வரிசையா டிக் போட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

இரண்டு வாரம் கழித்துப் புதுத் தாள்கள் ஏறக்குறைய ஒத்துப்போயின. "ஏ.டி.எச்.டி.தான்," என்றார் டாக்டரம்மா. "பயப்படாதீங்க. தூக்கம், ஓடியாடற விளையாட்டு, பிரிச்சுக் குடுக்கற சின்ன வேலை... நீங்க செய்யறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வகுப்புலயும் அதையே செய்யுங்க. போதலைன்னா மருந்தைப் பத்தி அப்புறம் பேசலாம். அதுவும் தப்பில்ல."

வெளியே நல்ல மழை. சிட்டுவை அணைத்தபடி டீச்சர் குடையை விரித்தாள். அவன் மட்டும் தள்ளி நின்று நனைந்தான்.

"ஏங்க அங்கயே நிக்கறீங்க?"

"பழகிப்போச்சுங்க. பள்ளிக்கூடத்துல பாதி நாள் வகுப்புக்கு வெளியதான் நிப்பேன். இவளுக்கும் ஒரு பேரு வெச்சு வெளிய நிறுத்திடுவாங்களோன்னு பயந்துதான் முதல் தாள்ல பொய்யா எழுதினேன்." கண்ணில் வழிந்த மழையைத் துடைத்தான். "இன்னொண்ணையும் மறைச்சுட்டேன்... கடைசி பெஞ்சுல உக்காந்து சிட்டுவைப் பாத்ததைவிட உங்களைப் பாத்ததுதான் ஜாஸ்தி. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு டீச்சர்."

அத்தனை குளிரிலும் அவள் கன்னம் சுட்டது. "அது... எனக்குத் தெரியும்," என்றாள் தலை நிமிராமல். "நான் பட்டறைக்கு வந்ததும் சிட்டுவுக்காக மட்டுமில்ல."

குடையை அவன் பக்கம் சாய்த்தாள்.

"உள்ள வாங்க."

அவன் அசையாமல் நின்றான். சிட்டுவுக்குத்தான் பொறுக்கவில்லை. "மாமா! மிஸ் கூப்பிட்டா உடனே வரணும்!"

ஒரு டீச்சர் அவனை உள்ளே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஓடி வந்துவிட்டான்.