அவர் சுற்றிய பிக்கப்

கல்யாணம் முடிந்த கையோடு அவன் ஈயம் வைக்கும் தன் சால்டரிங் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவியின் வீட்டுக்குக் குடிவந்தான். பழைய வீடு. கூடத்தைத் தாண்டினால் பட்டறை அறை. அங்கே அவளுடைய முதல் கணவரின் மேசை, விளக்கு, நாற்காலி, கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அவரும் கிட்டார் பழுது பார்ப்பவர்தான். இடது கைக்காரர், நல்ல உயரமாம். ஆள் போய் வருஷங்களாகியும் அறையில் சுட்ட ஈயத்தின் வாசம் போகவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தான். கால் தரைக்கு எட்டவில்லை. எரிச்சல் அங்கேயே தொடங்கிவிட்டது.

அவள் தன் கிட்டாரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். கம்பிகளுக்கு அடியில், அவற்றின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும், செப்புக் கம்பி சுற்றிய பிக்கப் ஒன்று இருந்தது.

"இது அவரு கையால சுத்தினது. நீங்களும் ஒண்ணு சுத்தி வைங்க. ஒரு ஸ்விட்சும் போட்டுடுங்க. மேல தள்ளினா அவரு, கீழ தள்ளினா நீங்க. நடுவுல ரெண்டு பேரும்."

"ரெண்டு பேருமா?"

"சேர்ந்து கேக்கட்டுமே. என்ன இப்போ?"

அவள் வெள்ளந்தியாகத்தான் கேட்டாள். அவனுக்கு வயிறு எரிந்தது.

அவனும் ஒரு பிக்கப் சுற்றி அதன் பக்கத்தில் பொருத்தினான். கடையில் கிடைத்த ஸ்விட்ச் எதுவும் கிட்டாரின் குழிக்குள் அடங்கவில்லை. பித்தளைத் தகட்டை வெட்டி அவனே ஒன்று செய்தான். கிட்டாரின் பின்மூடியைத் திறந்து, முதல் கணவருடைய பிக்கப்பின் ஒயர்களை நறுக்கி டேப் சுற்றி ஓரமாகத் தள்ளினான். எந்தப் பக்கம் தள்ளினாலும் தன்னுடையதே பேசும்படி மூன்று நிலைகளையும் தன் பிக்கப்போடு இணைத்தான். வெளியே பார்த்தால் இரண்டும் இருக்கும். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

எந்த பிக்கப் உயிரோடு இருக்கிறது என்று பார்க்க, ஸ்க்ரூடிரைவர் முனையால் மேலே தட்டுவது இந்தத் தொழிலில் வழக்கம். தன்னுடையதைத் தட்டினான். ஆம்பில் 'டொக்' என்று கேட்டது. மற்றதைத் தட்டினான். சத்தமே இல்லை.

"தொலைஞ்சான்," என்றான் நிம்மதியாக.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் வந்து, ஸ்விட்சை மேலே தள்ளி வாசித்தாள்.

அது அவன் பிக்கப்பின் சத்தம் இல்லை.

அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல் கரகரத்து, இதமாக, அறை முழுக்கப் பரவியது. அவள் கண்கள் நிறைந்தன. "அப்படியே அவருதான்," என்றாள்.

கீழே தள்ளினாள். கம்பிகள் அதிர்ந்தன. ஆம்ப் வாயைத் திறக்கவில்லை.

"உங்களுது கேக்கலையேங்க."

"எங்கயாவது ஒயர் விட்டிருக்கும். நீ போ, நான் பாக்குறேன்."

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு மூடியைக் கழற்றினான். நறுக்கி, டேப் சுற்றி ஓரமாகக் கிடந்தவை அவனுடைய ஒயர்கள். ஸ்விட்சில் ஒயர் மாட்டும் காதுகளில், மேல்நிலைக்கு உரியவற்றில் மட்டும், மற்றவருடைய ஒயர்கள் இடப்பக்கமாக முறுக்கி ஈயம் வைக்கப்பட்டிருந்தன. அவன் எப்போதும் வலப்பக்கம்தான் முறுக்குவான்.

தொட்டான். விரல் பொசுங்கியது.

ஈயம் இன்னும் சூடாக இருந்தது. அவனுடைய சால்டரிங் கருவியோ பெட்டிக்குள் சில்லென்று கிடந்தது.

பாய்ந்து போய் ஆம்பின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினான். அதன் சிவப்பு விளக்கு அணைந்தது.

டொக்.

ஆம்பிலிருந்துதான் வந்தது. அதே நொடியில் அவன் நெஞ்செலும்பின்மேல் ஏதோ கூரான ஒன்று தட்டியது. குனிந்து பார்த்தான். எதுவும் இல்லை.

டொக்.

இந்த முறை இன்னும் மெதுவாக.

மூன்றாவது தட்டும் நெஞ்சில் விழுந்தது. ஆம்பில் சத்தம் வரவில்லை.

"ஏங்க, சரியாயிடுச்சா?" கூடத்திலிருந்து அவள் கேட்டாள்.

'உள்ளே வராதே' என்று கத்த வாயைத் திறந்தான். தொண்டை அசைந்தது. குரல் வரவில்லை.

அவனுக்குப் பின்னால், நாற்காலி கிறீச்சிட்டது. பிளக் பிடுங்கப்பட்டுக் கிடந்த ஆம்பிலிருந்து ஒரு கரகரத்த குரல் இதமாகச் சொன்னது:

"ஆயிடுச்சு. வா."

கூடத்தில் அவள் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்து உருண்டது. பிறகு அவளுடைய காலடி கேட்டது, பட்டறையை நோக்கி, ஓட்டமும் நடையுமாக.