வலி எப்போ ஆரம்பிச்சது?

டெலிபோன் அலறியது.

"மேடம்! டெய்லர் கடையில பிணம்!"

ஏட்டின் குரல். இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடினாள்.

துணி வெட்டும் மேஜையின் மேல் மல்லாந்து கிடந்தார் டெய்லர். முகத்தின் மேல் ஒரு கோட்டுத் துணிச் சுருள். யாரோ அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து மூச்சை நிறுத்தியிருக்கிறார்கள்.

கதவு உடையவில்லை. ரேகை இல்லை. பார்த்த சாட்சியும் இல்லை!

"செத்து ஒரு மணி நேரம் இருக்கும். எட்டு மணிவாக்குல நடந்திருக்கு மேடம்" என்றார் ஏட்டு.

"யாருக்கு ஆகாது இவரை?"

"தம்பிக்குத்தான். கடையை விக்கணும்னு ஒரு வருஷமா சண்டை. அண்ணன் அசைஞ்சு கொடுக்கலை."

"தூக்கிட்டு வாங்க அவனை!"

மூலையில் அழுதுகொண்டிருந்த டெய்லரின் மனைவி நிமிர்ந்தாள்.

"ஐயோ, அவரைச் சந்தேகப்படாதீங்க! மூணு நாளா படுத்த படுக்கையா இருக்கார். நான்தான் வேளாவேளைக்கு சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கறேன். எழுந்து நிக்கவே முடியல அவரால..."

"என்ன உடம்புக்கு?"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஏட்டு தொண்டையைச் செருமினார்.

"டாக்டர் சீட்டு வெச்சிருக்கான் மேடம். எபி... எபிடிடிமிஸ்ல வீக்கமாம்."

"அது எங்க இருக்கு?"

"அந்த... அந்த இடத்துல மேடம்."

"எந்த இடத்துல?!"

"அந்த இடத்துலதான் மேடம்!" ஏட்டு கூரையைப் பார்த்தார்.

தம்பியைத் தூக்கி வந்து ஜீப்பில் ஏற்றும்போது செல்போன் ஒலித்தது. மேலதிகாரி!

"சீட்டு இருக்கிற நோயாளியை எதுக்கும்மா இழுத்தடிக்கறே? பன்னிரண்டு மணிக்குள்ள ஆதாரம் காட்டு. இல்லேன்னா வீட்டுக்கு அனுப்பிடு!"

வைத்துவிட்டார். இன்ஸ்பெக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொன்றவன் இவன்தான் என்று அடித்துச் சொல்வாள். ஆனால் அடித்துச் சொன்னால் கோர்ட் கேட்குமா?

"ஆஸ்பத்திரிக்கு விடுங்க ஜீப்பை. சீட்டு நிஜமா, டூப்பான்னு பார்த்துடுவோம்!"

வழி நெடுக தம்பி முனகினான். வியர்த்துக் கொட்டியது. இரண்டு தடவை வாந்தி எடுத்தான்.

'என்னமா நடிக்கறான்!' என்று பல்லைக் கடித்தாள் இன்ஸ்பெக்டர்.

மணி பதினொன்று.

டாக்டர் வயதானவர், அவசரமே தெரியாதவர். சீட்டை மூக்குக்கண்ணாடிக்குக் கீழே வைத்து நிதானமாகப் படித்தார்.

"எபிடிடிமிஸ்ங்கிறது விரைக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு இருக்கிற சுருள் குழாய் மேடம். பிரிச்சு நீட்டினா இருபது அடி! விந்தணு விரையில உண்டாகுது. ஆனா நீந்தத் தெரியாது. இந்தக் குழாய்க்குள்ள பத்துப் பன்னிரண்டு நாள் ஊர்ந்து வர்றப்பதான்..."

"டாக்டர்! எனக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கு!"

"அதுல கிருமி புகுந்தா வீங்கும். சரி, பார்க்கறேன்."

திரைக்குப் பின்னால் போனார். இன்ஸ்பெக்டர் வெளியே நின்று நகத்தைக் கடித்தாள்.

"மெதுவாத் தூக்கிப் பிடிக்கறேன் தம்பி. வலி குறையுதா?"

"கு... குறையுது டாக்டர்... நல்லாவே குறையுது!"

குரல் கீச்சிட்டது.

ஸ்கேன் மெஷின் உறுமியது. ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்... டாக்டர் வெளியே வந்தார்.

"இது எபிடிடிமிஸ் வீக்கம் இல்லை மேடம்."

"நினைச்சேன்! நடிக்கறான் இல்ல?!"

"நடிப்பா? வலியில உயிர் போகுது அவருக்கு!"

இன்ஸ்பெக்டர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சே! என்ன பிழைப்பு இது!

"அந்த வீக்கமா இருந்தா, தூக்கிப் பிடிச்சதும் வலி கொஞ்சம் தணியும். எங்க படிச்சாரோ, குறையுதுன்னு சொல்றார். ஆனா முகம் அப்படியே கோணுது. வீக்கம்னா ரத்தமும் ஜாஸ்தியாப் பாயணும். ஸ்கேன்ல ரத்த ஓட்டமே இல்லை! விரை தன்னைத் தாங்கற ரத்தக்குழாய்த் தண்டுலயே முறுக்கிக்கிட்டிருக்கு. உடனே ஆபரேஷன்!"

டாக்டர் திரையை விலக்கினார். கையில் ஒரு ஃபாரம்.

"தம்பி, வலி எப்போ ஆரம்பிச்சது?"

"மூ... மூணு நாளா டாக்டர்..."

"மூணு நாளா ரத்தம் போகலைன்னா அநேகமா செத்திருக்கும். எடுத்துட வேண்டியதுதான். சம்மதம்னு இங்க கையெழுத்து போடுங்க."

தம்பியின் முகம் வெளுத்தது.

"எடுக்கறதா?! அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம் டாக்டர்!"

"ஆறு மணி நேரத்துக்குள்ளன்னா முறுக்கைப் பிரிச்சுக் காப்பாத்திடலாம். மூணு நாள்னா நான் என்ன பண்றது?"

சுவர்க்கடிகாரம் டிக்... டிக்... என்றது. தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். பேனாவைப் பார்த்தான்.

"மூணு நாள் இல்ல டாக்டர்!" என்று வீறிட்டான். "இன்னிக்குக் காலையிலதான்! எட்டு பத்துக்கு! துணியை அமுக்கறப்ப அண்ணன் படுத்த வாக்குலயே ஓங்கி உதைச்சுட்டார்! எடுத்துடாதீங்க டாக்டர்... எடுத்துடாதீங்க!"

"அப்ப அந்தச் சீட்டு?" இன்ஸ்பெக்டர் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"பொய்! அப்ப எனக்கு ஒண்ணுமே இல்ல. அந்த டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காம எழுதிக் கொடுத்தார்..."

ஸ்ட்ரெச்சர் ஓடியது.

இரண்டு மணிக்கு டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"காப்பாத்தியாச்சு! பிழைச்சுக்கிச்சு."

டெய்லரின் மனைவிக்குச் செய்தி சொல்ல வேண்டும். மூன்று நாள் சோறு போட்டவள். அதை நினைத்தபோது இன்ஸ்பெக்டருக்கு ஜெயித்த சந்தோஷம்கூட வரவில்லை.

"டாக்டர், பிரமாதமா மடக்கினீங்க! அவன் மூணு நாள்னே சாதிச்சிருந்தா, நிஜமாவே எடுத்திருப்பீங்களா?"

டாக்டர் விழித்தார்.

"யார் மடக்கினது? எத்தனை நாள்னு சொன்னாலும் திறந்து பார்த்துட்டுத்தானே மேடம் முடிவு பண்ணுவேன்! சம்மதக் கையெழுத்து எல்லார்கிட்டயும் வாங்கறதுதான். நேரம் எழுதற கட்டம் காலியா இருந்தா, ஹெட் நர்ஸ் என்னைச் சும்மா விட மாட்டாங்க!"

ஏட்டு முதல் தடவையாகக் கூரையிலிருந்து பார்வையை இறக்கினார்.

"மேடம்... அந்த ஃபாரத்துல ஒரு நூறு காப்பி ஸ்டேஷனுக்கு வாங்கி வெச்சுடலாமா?"