உப்பாத குழாய்

படகுப் போட்டிக்கு இன்னும் நான்கே நாள். ஐந்தாம் வகுப்பு சகுந்தலாவுக்குச் சோறே இறங்கவில்லை.

அவள் பள்ளிக்கூடத்துப் போட்டியில் ஒரு விதி உண்டு. பொம்மைப் படகுகளை முதல் நாளே தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட வேண்டும். ராத்திரி முழுக்க ஊறிய பிறகு, காலையில் ரப்பர் பேண்டை முறுக்கி, விசிறியைச் சுழலவிட்டு ஓட்ட வேண்டும்.

போன வருஷம் அவள் படகு மூழ்கவில்லை. நகரவும் இல்லை! பின்னால் இருந்த விசிறி சுற்றவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. பள்ளிக்கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த வருஷம் அவள் பெரிய பள்ளிக்கூடம் போய்விடுவாள். இதுதான் கடைசி வாய்ப்பு.

அப்பா காத்தவராயன் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஓட்டுபவர். விசிறிக் கம்பி வெளியே வரும் ஓட்டையில் தோல் வாஷர் செருகியவர் அவர்தான்.

"இந்த வருசமும் தோலுதாம்மா," என்றார். "ஊறினா உப்பிக்கும். சொட்டுத் தண்ணி உள்ள வராது. எங்க பம்புல இன்னா போடறோம்? இதேதான்!"

அப்பாவிடம் வாதாடி ஜெயிக்க முடியுமா? சகுந்தலா நேராக வேலையில் இறங்கினாள்.

தோல் வாஷர், நூல்கண்டுக் கட்டை, உடைந்த சீப்பு, மை தீர்ந்த பேனா ரீஃபில். நான்கையும் எடுத்துக்கொண்டாள். ஓட்டை போடும்போதே சீப்பு விரிசல் விட்டுவிட்டது. மற்ற மூன்றிலும் ஒவ்வொரு கம்பியாகச் செருகி, சட்டித் தண்ணீரில் போட்டாள்.

இரண்டு நாள் கழித்துச் சட்டியை அப்பா முன்னால் வைத்தாள்.

"கம்பிங்களைத் திருப்பிப் பாருங்கப்பா."

தோல் உப்பிப் போய்க் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. கட்டையும் அப்படித்தான். ரீஃபில் குழாயில் மட்டும் கம்பி விர்ரென்று சுழன்றது.

"உங்க வாஷர் நல்ல வாஷர்தாம்பா. தண்ணியை விடாது. ஆனா கம்பியையும் விடமாட்டேங்குதே! இது பிளாஸ்டிக்கு. எவ்வளவு ஊறினாலும் உப்பாது."

அப்பா மூன்று கம்பிகளையும் இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இத்தினி வருசமா பம்பு ஓட்றேன், எனக்கு இது தோணல பாரு! சரி, குழாய் வழியா தண்ணி கசியுமே?"

"அதுக்குத்தான் உங்க கிரீஸ் வேணும்!"

போட்டி நாள் வந்தது. அப்பா நைட் ஷிப்ட் முடிந்து, தூக்கக் கலக்கத்தோடு நேராகப் பள்ளிக்கூடம் வந்தார். எட்மண்ட் சார் விசில் ஊதினார். ஆறு படகுகள் கிளம்பின. வகுப்புத் தோழன் ஹரோல்டின் படகு பாதித் தொட்டியில் திக்கித் திணறி நின்றது. இன்னும் நான்கு அதற்கும் முன்பே நின்றுவிட்டன.

சகுந்தலாவின் படகு மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

"வுடாதே! போ! போ!" என்று அப்பா கத்திய கத்தலில் மரத்துக் காக்கைகள் பறந்தன.

"இன்னா சகுந்தலா, அடியில இன்னா போட்ட?" என்று ஹரோல்ட் வியந்தான்.

"பேனா ரீஃபில்! உனக்கும் ஒண்ணு தரேன்!"

டொக்! படகு எதிர்ச் சுவரில் முட்டியது. அதற்கு அப்பாலும் தண்ணீர் இருந்திருந்தால் அது அங்கேயும் நின்றிருக்காது.